சின்னச் சமூகங்களுக்கும் ஒரு கதிரை வேண்டும்



புதிய அரசியலமைப்பு கொண்டு வருவோம் என்று இந்த அரசாங்கம் 2024 தேர்தலுக்கு முன் வாக்குறுதி தந்தது. அது வரும்போது இரண்டாம் சபை ஒன்றும் சேர்ந்து வருமா, வந்தால் அதில் யார் இருப்பார்கள் என்பதில்தான் எங்களுக்கு அக்கறை. புங்குடுதீவில் படிப்பிக்கும் முஸ்லிம் ஆசிரியர்கள் நாங்கள். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். புத்தளத்தில் வளர்ந்து, ஆசிரியர் கலாசாலை முடித்து, வடக்குக்குத் திரும்பி வந்தவர்கள்.

"எங்கட நாட்டிலயும் இரண்டு சபை இருந்ததா?" என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. இருந்தது. 1947 முதல் 1971 வரை செனற் சபை என்ற பெயரில், கொழும்புக் கோட்டையில் இன்று வெளிவிவகார அமைச்சு இருக்கும் கட்டடத்தில் கூடியது. மொத்தம் 30 பேர். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது. மற்ற 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார்.

அந்தச் சபையில் எங்கள் மண்ணின் மனிதர் ஒருவர் 1952 முதல் 1963 வரை இருந்தார். ஏ. எம். ஏ. அஸீஸ். வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ். இந்துக் கல்லூரியிலும் படித்தவர். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். பின்னர் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபர். 1956இல் 'சிங்களம் மட்டும்' கொள்கையை ஏற்க முடியாமல் ஐக்கிய தேசியக் கட்சியை விட்டு விலகினார். அதே காலத்தில் சேர் ராசிக் பரீத் சிங்களம் மட்டும் என்பதை ஆதரித்தார். இருவரும் முஸ்லிம்கள், இருவரும் சமூகத்துக்காக உழைத்தவர்கள். ஆனால் தமிழ் பேசும் யாழ்ப்பாணத்து முஸ்லிமின் மனதை அறிந்தவர் அஸீஸ்தான். 'முஸ்லிமுக்கு ஒரு இடம்' என்று கேட்டால் மட்டும் போதாது, எந்த ஊர் முஸ்லிம் என்பதையும் கேட்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

செனற் சபை வழியாக வந்த வேறு சிலரையும் சொல்ல வேண்டும். 1960இல் பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சரானது செனற்றராக இருந்துதான். 1965இல் தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானதும் அப்படித்தான். திருக்கோணேஸ்வரத்தைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய அவர் ஒரு குழுவை நியமித்தார். பிரதமர் அதை நிறுத்தினார். திருச்செல்வம் 1968இல் பதவி விலகினார். கதிரை கிடைத்தது, ஆனால் ஒரு கோயில் பற்றி ஆராயும் அதிகாரம் கூட அந்தக் கதிரைக்கு இருக்கவில்லை.

செனற் சபையின் பெரிய குறையும் அதுதான். ஒரு சட்டத்தைக் கொஞ்சக் காலம் தாமதிக்கலாம், தடுக்க முடியாது. 1948இல் மலையக மக்களின் குடியுரிமை போனது, 1956இல் மொழிச் சட்டம் வந்தது. இரண்டு முறையும் செனற் சபை இருக்கத்தான் செய்தது. 1971 ஒக்டோபர் 2ஆம் திகதி அதை ஒழித்தபோது பெரிதாக அழுதவர்களும் இல்லை.

அப்படியானால் இரண்டாம் சபை எதற்கு என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள். 2015இல் 7. 2024இல் 6. ஆட்கள் குறையக் குறைய ஆசனமும் குறைகிறது. புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தீவகத்துச் சைவருக்கும் கத்தோலிக்கருக்குமே தங்கள் ஊருக்கென ஒருவரை அனுப்புவது கஷ்டமாகி வருகிறது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கோ தங்கள் வாக்கால் மட்டும் ஒருவரை அனுப்பும் எண்ணிக்கையே இல்லை.

தேசியப் பட்டியல் இருக்கிறதே என்பார்கள். தெரிவானவர்களில் ஒரு சமூகத்தின் பங்கு அதன் சனத்தொகை விகிதத்துக்குக் குறைவாக இருந்தால், அதைச் சரிசெய்யும்படி கட்சிகளிடம் கேட்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 99அ உறுப்புரை சொல்கிறது. இயன்றளவு செய்யுங்கள் என்ற வேண்டுகோள்தான், கட்டாயம் இல்லை. கொழும்பிலோ கண்டியிலோ இருந்து ஒரு முஸ்லிமைப் போட்டாலும் கணக்குச் சரி. மீள்குடியேற வந்தவரின் காணிப் பிரச்சினை அவருக்குத் தெரியுமா?

2017 செப்டெம்பரில் வந்த வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை 55 பேர் கொண்ட இரண்டாம் சபையை முன்மொழிந்தது. ஒவ்வொரு மாகாண சபையிலிருந்தும் 5 பேர் வீதம் 45 பேர், பாராளுமன்றம் தெரிவு செய்யும் 10 பேர். நல்ல யோசனை. ஆனால் வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. உறுப்பினரே இல்லாத சபை யாரை அனுப்பும்? 2013இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தனக்குக் கிடைத்த இரண்டு போனஸ் ஆசனங்களில் ஒன்றை அய்யூப் அஸ்மின் என்ற முஸ்லிமுக்குக் கொடுத்தது. அந்த மனதை நாங்கள் மறக்கவில்லை. ஆனாலும் ஒரு கட்சியின் நல்ல மனதை நம்பி ஒரு சமூகம் எத்தனை காலம் இருக்க முடியும்?

சிலர் வேறு வழி சொல்கிறார்கள்: ஒரு தேரர், ஒரு குருக்கள், ஒரு ஆயர், ஒரு மௌலவி என்று மதத்துக்கு ஒருவரைப் போடுவோம் என்று. பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆயர்கள் 26 பேருக்கு இடம் இருக்கிறது. அங்கேயும் மற்ற மதங்களுக்கு அப்படி ஒதுக்கிய இடம் இல்லை. உலமாக்களை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் முஸ்லிம் விவாகச் சட்டம் பற்றிய பேச்சு வரும்போது எங்கள் உம்மாமாரின், சகோதரிகளின் குரலும் அங்கே கேட்க வேண்டும். மதத் தலைவருக்கு மட்டும் கதிரை என்றால் அவர்களுக்கு அங்கே இடமே இல்லை.

நாங்கள் கேட்பது மூன்று விசயங்கள். மாகாணம் அனுப்பும் 5 பேரில் ஒருவர் அந்த மாகாணத்தின் சிறிய சமூகங்களிலிருந்து வர வேண்டும். அவரை அந்த மக்களே தெரிய வேண்டும், கட்சிச் செயலாளர் அல்ல. ஒரு சமூகத்தின் மொழி, மதம், காணியைத் தொடும் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் அந்தச் சபைக்கு இருக்க வேண்டும். இது முஸ்லிமுக்கு மட்டும் கேட்பதல்ல. தெற்கில் இருக்கும் தமிழருக்கும், வடக்கில் இருக்கும் மலையக மக்களுக்கும், மன்னாரில் இருக்கும் சிங்களவருக்கும் இதே நியாயம்தான்.

2016இல் லால் விஜேநாயக்க தலைமையிலான குழு மாவட்டங்களுக்கு வந்து மக்களிடம் கருத்துக் கேட்டது. அப்படி ஒரு குழு மீண்டும் வந்தால், புங்குடுதீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் ஒரே கடிதமாகக் கொடுப்போம். சனசமூக நிலையத்தில், கோயிலில், தேவாலயத்தில், பள்ளிவாசலில் இப்போதே பேசத் தொடங்குங்கள். எழுதித் தர நாங்கள் தயார். கையெழுத்து எல்லாருடையதும் வேண்டும்.