காருக்கு ஒரு வீடு... மாடி அறை யாருக்கு?

எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்குப் பஞ்சமில்லை; ஆளுக்குத்தான் பஞ்சம். காரைக்குடி, கோட்டையூர், கானாடுகாத்தான் என்று எங்கே நடந்தாலும், முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகள்தான். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்து சம்பாதித்த பணம், இங்கே தேக்குத் தூணாகவும் வளவாகவும் வந்து நின்றது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த வரவு நின்றுபோனது. பிள்ளைகள் பிழைப்புக்காக வெளியூர் போனார்கள். இன்று பல வீடுகள் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டுமே திறக்கின்றன.

இப்படிப்பட்ட ஊரில், "கார் ஷெட், பக்கத்துல ஒரு பட்டறை, மேல மாடி" என்று என் வீட்டுக்காரர் ஒரு வரைபடத்தை நீட்டினால் எனக்கு எப்படி இருக்கும்?

அவர் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்காரத் தெரியாது. நன்றாக ஓடும் மிக்ஸியைக்கூடப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி மாட்டுவார். மாமனார் ஓட்டிய அம்பாஸடர் ஒன்று தார்ப்பாய் போர்த்தி வேப்பமரத்தடியில் நிற்கிறது. அந்தக் கார் தயாரிப்பே 2014-இல் நின்றுவிட்டது. அதைத் தன் கையால் ஓடவைக்க வேண்டும் என்பது அவருடைய பல நாள் ஆசை. அதனால் பட்டறை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

மறுப்பு அளவில்தான். 30-க்கு 40 அடி. கீழே 1,200 சதுர அடி, மேலே 1,200 சதுர அடி. மாடியில் இரண்டு படுக்கையறை, ஹால், பால்கனி.

"யாருக்குங்க இவ்வளவு?"

"புள்ளைக வந்தா தங்க வேணாமா?"

மகள் சிங்கப்பூரில், மகன் பெங்களூரில். இரண்டு பேரும் வருவது வருஷத்துக்குப் பத்து நாள். அன்றைக்கு நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "அந்தப் பத்து நாள் சரி, மிச்சம் 355 நாள் அந்த ரூம் என்ன செய்யும்?" பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். ஆனால், அந்தக் கேள்வியை அவரும் விடவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு அடியையும் அதை வைத்தே அளக்க ஆரம்பித்தோம்.

முதலில் கார். அம்பாஸடர் சுமார் 14 அடி நீளம், ஐந்தரை அடி அகலம். கட்டட விதிகள் ஒரு காருக்குச் சொல்லும் இடம் 5 மீட்டருக்கு இரண்டரை மீட்டர். அது நிறுத்த மட்டும்தான் போதும்; நாலு கதவையும் திறந்து, பானெட்டைத் தூக்கி, சுற்றி வந்து வேலை பார்க்க 20-க்கு 12 அடி வேண்டும். அன்றாடம் ஓட்டும் சின்னக் காரையும் சேர்த்தால் 24-க்கு 20. பின்னால் 10 அடி ஆழத்துக்குப் பட்டறை. ஆக, 24-க்கு 30 அடி, 720 சதுர அடியில் கீழ்த்தளம் முடிந்தது.

காருக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி வேண்டும் என்றார். எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது. குழிக்குள் போய்த் தங்கும், ஒரு பொறி போதும். ஐப்பசி மழையில் குழி கிணறாகவும் ஆகிவிடும். ஜாக்கியும் உறுதியான ஸ்டாண்டும் இருந்தால் போதுமாம். அதே காரணத்துக்காகச் சுவரில் மேலே மட்டுமல்லாமல், தரையை ஒட்டியும் காற்றுத் துவாரம் வைக்கச் சொன்னார். ஷட்டரை மூடிக்கொண்டு இன்ஜினை ஓடவிடவே கூடாது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆளைச் சாய்த்த பிறகுதான் தெரியும்.

மேலே ஆள் இருக்கப்போகும் கட்டடம் என்பதால் இன்னும் சில முடிவுகள். மாடிக்கு வெளிப்புறப் படி. பட்டறைக்குள்ளிருந்து வழி கிடையாது. பெயின்ட், தின்னர் எல்லாம் தனி இரும்பு அலமாரியில், வெளியே. வெல்டிங் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில். பிற்காலத்தில் மின்சார கார் வாங்கினால் சார்ஜ் செய்ய, இப்போதே தனி வயர் இழுத்துவிடுவது.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் கையாலேயே செய்யும் கல் அது. ஆயில் சிந்தினால் கறை குடிக்கும். ஜாக்கியை வைத்தால் உடையும். கொத்தனார் சிரித்தார். "ஆச்சி, அந்தக் கல்லு ஆளு நடக்க நடக்கத்தான் மினுங்கும். கீழ காங்கிரீட் போடுவோம், மேல ரூம்ல கல்லு பதிப்போம்." அப்படியே முடிவானது.

மிச்சம் மாடி. அதுதான் ரொம்ப நாள் இழுத்தது. 16-க்கு 12 அடியில் ஒரே அறை, குளியலறை, முன்னால் ஒரு வராந்தா போதும் என்றேன் நான். அவர் இரண்டு அறையிலிருந்து இறங்கவில்லை. ஒருநாள் மகளிடம் வீடியோ காலில் இதைச் சொன்னபோது, "நாங்க வர்றது லீவைப் பொறுத்ததுப்பா, ரூமைப் பொறுத்ததில்ல" என்றாள். அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் வரைந்தது கட்டட வரைபடம் மட்டுமல்ல. இடம் இருந்தால் பிள்ளைகள் வருவார்கள் என்ற நினைப்பு. கானாடுகாத்தானில் கட்டியவர்களுக்கும் அந்த நினைப்பு இருந்திருக்கும். அதைத் தப்பென்று எப்படிச் சொல்வது? ஆனால், செங்கலையும் சிமென்ட்டையும் காட்டி யாரையும் ஊருக்கு இழுக்க முடியாது என்பதை எங்கள் தெருக்கள் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

இரண்டு நாள் கழித்து அவரே பென்சிலை எடுத்து ஓர் அறையை அழித்தார். அழித்த இடத்தில் 'மொட்டை மாடி - வடகம், வத்தல்' என்று எழுதினார். மாடி அறையில் என் தையல் மிஷின் இருக்கும். வெயில் ஏறாத காலை நேரத்தில் நான் அங்கே தைப்பேன். எதிரெதிரே இரண்டு ஜன்னல், மேற்குச் சுவரில் ஜன்னல் இல்லை. பிள்ளைகள் வந்தால் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரிக்கலாம்.

மனை 2,500 சதுர அடிக்குள்ளும் கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ளும் இருக்கும் வீடுகளுக்கு, 2024-இலிருந்து ஆன்லைனில் சுயசான்று கொடுத்தே அனுமதி வாங்கலாம். எங்கள் மனை 11 சென்ட் என்பதால் வழக்கமான முறையில்தான் விண்ணப்பித்திருக்கிறோம். அனுமதி வந்ததும் வேலை தொடங்கும்.

அவர் அதுவரை காத்திருக்கவில்லை. அம்பாஸடரின் கார்புரேட்டரைக் கழற்றி, என் பழைய எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்பி வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு ஐடிஐ பையன் சாயங்காலம் வந்து கூடவே உட்கார்ந்துகொள்கிறான். இப்போதெல்லாம் நான் டீயை மூன்று டம்ளரில் ஆற்றுகிறேன்.