கம்பம் பள்ளத்தாக்கு: ஜன்னலுக்கு வெளியே ஓர் அறிவியல் வகுப்பு

தேனியிலிருந்து குமுளி போகும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். இடது பக்கம் மேகமலை, வலது பக்கம் கேரள எல்லை மலைகள், நடுவே நெல்வயல், தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு, சுருளி அருவியில் ஒரு குளியல், கம்பத்தில் இரண்டு கிலோ திராட்சை, குமுளியில் ஏலக்காய். பெரும்பாலான குடும்பங்களின் சுற்றுலா இதோடு முடிந்துவிடும்.

ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புக்குள் படிக்கும் பிள்ளைகள் கூட வந்தால் இந்தப் பயணத்தில் இன்னொரு பயணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பையில் ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு, இரண்டு காலி தண்ணீர் பாட்டில்கள், கொஞ்சம் சர்க்கரை. இவை போதும். புத்தகத்தில் படமாகப் பார்த்த அறிவியலை இந்தப் பள்ளத்தாக்கு கண்முன் செய்து காட்டும். சில இடங்களில் புத்தகத்தையே கேள்வி கேட்கவும் வைக்கும்.

லோயர் கேம்ப்: நான்கு குழாய்கள், மூன்று ஓட்டைகள்

கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வந்ததும் மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்குவது தெரியும். முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வரும் தண்ணீர், இந்தக் குழாய்களில் இறங்கித்தான் மின்நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றுகிறது. பிறகு அதே தண்ணீர் முல்லையாறாக ஓடி, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயலுக்குப் பாய்ந்து, கடைசியில் வைகையில் சேர்கிறது.

மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றைக் கிழக்கே திருப்பிய அணை அது. 1895-ல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டியவர் பொறியாளர் ஜான் பென்னிகுக். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15-ம் தேதி பொங்கலை ஒட்டி வருவதால், அன்று இந்த ஊர்க்காரர்கள் அவர் பெயரிலும் பொங்கல் வைக்கிறார்கள்.

இங்கே செய்து பார்க்க ஒரு சோதனை. பாட்டிலில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று ஓட்டைகள் போட்டு டேப் ஒட்டிவிடுங்கள். பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி, தரையில் வைத்து டேப்பைப் பிரியுங்கள். எந்த ஓட்டையின் தண்ணீர் அதிக தூரம் போய் விழும்?

"அடி ஓட்டை" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பல புத்தகங்களில் படமும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஸ்கேல் வைத்து அளந்தால், தரையில் வைத்த பாட்டிலில் நடு ஓட்டையின் தண்ணீர்தான் அதிக தூரம் போயிருக்கும்!

புத்தகம் பொய்யா? இல்லை. அடியில் அழுத்தம் அதிகம் என்பது உண்மை. அடி ஓட்டையிலிருந்துதான் தண்ணீர் மிக வேகமாகப் பீறிடுகிறது. ஆனால் அது தரைக்கு மிக அருகில் இருப்பதால், தூரம் போவதற்குள் தரையைத் தொட்டுவிடுகிறது. இப்போது அதே பாட்டிலை ஒரு ஸ்டூல் மேல் வைத்துத் திரும்பச் செய்யுங்கள். அடி ஓட்டை ஜெயித்துவிடும். ஒரே பாட்டில், ஒரே தண்ணீர். வைத்த உயரம் மட்டும்தான் மாறியது. "ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை" என்ற பாடத்தை இதைவிட எளிமையாகச் சொல்லிவிட முடியாது. மலை உச்சியிலிருந்து குழாயை ஏன் இவ்வளவு கீழே இறக்கி டர்பைனை வைத்தார்கள் என்பதும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

திராட்சை மிதக்குமா, மூழ்குமா?

கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி பக்கம் திரும்பினால் கண்ணுக்கு எட்டியவரை பந்தல்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற இடங்களில் பருவம் பார்த்துக் காய்க்கும் திராட்சை, இங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழுத்துக்கொண்டிருக்கும். ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

பழத்தில் எவ்வளவு இனிப்பு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஒரு கைக்கருவி உண்டு. பழச்சாற்றில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் அளவு தெரியும். பிள்ளைகளுக்கு அந்தக் கருவி தேவையில்லை. ஒரு டம்ளரும் சர்க்கரையும் போதும்.

ஒரே குலையில் பத்துப் பழங்களைப் பறித்து நன்றாகக் கழுவி, ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைத் துடைத்துவிட்டுத் தண்ணீரில் போடுங்கள். பெரும்பாலும் எல்லாம் மூழ்கும். இனி ஒவ்வொரு ஸ்பூனாகச் சர்க்கரை போட்டுக் கலக்குங்கள். ஒரு கட்டத்தில் ஒரு பழம் மேலே வரும். பிறகு இன்னொன்று. கடைசிவரை அடியிலேயே கிடக்கும் பழமும் உண்டு.

முதலில் மிதந்தது எது, கடைசியில் மிதந்தது எது என்று குறித்துக்கொண்ட பிறகு, பழங்களைக் கழுவிவிட்டுத் தின்று பாருங்கள். எது அதிக இனிப்பு? சர்க்கரை ஏறிய பழம் அதே அளவுள்ள மற்ற பழத்தைவிட எடை கூடியது. அதனால் அது மிதக்க இன்னும் அடர்த்தியான சர்க்கரைத் தண்ணீர் வேண்டும். நாக்கும் டம்ளரும் ஒரே பதிலைச் சொன்னால் சந்தோஷம். சொல்லாவிட்டாலும் நல்லதுதான். குமிழி ஒட்டியிருந்ததா, காம்பு இருந்ததா, பழம் வெடித்திருந்ததா என்று தேட ஆரம்பிக்கும் பிள்ளை, அந்த நிமிடமே ஆராய்ச்சியாளராகிவிடுகிறது.

மேகமலை: பாட்டிலை நசுக்கியது யார்?

சின்னமனூரிலிருந்து மலைப்பாதை. தேயிலைத் தோட்டங்களும் ஏரிகளும் மேகமுமாக, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மேகமலை. ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டே போவதைப் பிள்ளைகள்தான் முதலில் கவனிப்பார்கள். கீழே அடைத்த காற்று அதே அளவுதான்; வெளியே அழுத்தம் குறைந்துவிட்டதால் பாக்கெட் விரிகிறது.

இதைத் தலைகீழாகவும் சோதிக்கலாம். உச்சியில் காலி பாட்டிலைத் திறந்து, அங்கே உள்ள காற்றோடு இறுக்கி மூடுங்கள். சின்னமனூர் வந்து பையிலிருந்து எடுத்தால், யாரோ கையால் அமுக்கியதுபோல் பாட்டில் ஒடுங்கியிருக்கும். மேலே கொதிக்கும் தண்ணீரின் வெப்பநிலையும் சுமார் 95 டிகிரிதான். பருப்பு வேக ஏன் நேரமாகிறது என்று அம்மாக்களுக்கும் இங்கே விடை கிடைக்கும். பாட்டிலை மட்டும் மலையில் போட்டுவிடாமல் கொண்டுவந்துவிட வேண்டும்.

ஒரே மேகம், இரண்டு ஊர்

ஜூன், ஜூலையில் குமுளி நனைந்துகொண்டிருக்கும். கூடலூரில் சாரல் அடிக்கும். அதே நேரத்தில் ஆண்டிபட்டியில் காற்று மட்டும் வீசும். தென்மேற்குப் பருவமழையின் மேகம் கேரளப் பக்கம் மலை ஏறும்போதே தண்ணீரைக் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது பெரும்பாலும் காற்றுதான் மிச்சம். கணவாய் வழியாகப் புகுந்து வரும் அந்தக் காற்றை நம்பித்தான் ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன.

மழை மறைவுப் பிரதேசம் என்று புவியியல் பாடத்தில் வரும் சொல்லை, நான்கு ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்தால் எண்ணாக மாற்றிவிடலாம். குமுளி, கம்பம், தேனி, ஆண்டிபட்டியில் ஆளுக்கொரு நேரான பக்கமுள்ள, ஒரே மாதிரியான டப்பா. திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை ஒரே நேரத்தில் ஸ்கேலால் அளந்து, வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொண்டால் ஒரு மாதத்தில் ஒரு வரைபடம் தயார். ஊரில் சித்தி வீடு, அத்தை வீடு இருக்கிறவர்களுக்கு இது இன்னும் சுலபம்.

பொட்டிப்புரம்: கேள்விகள் சந்தித்த மலை

அறிவியல் பற்றிப் பேசிக்கொண்டு தேனி மாவட்டத்துக்கு வருபவர்கள் ஒரு மலையைத் தாண்டிப் போக முடியாது. தேவாரம் அருகே பொட்டிப்புரத்தில் இருக்கிறது அம்பரப்பர் மலை. நியூட்ரினோ ஆய்வகத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மலை இதுதான்.

நியூட்ரினோ மிக நுண்ணிய துகள். சூரியனிலிருந்து மட்டுமே ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கில் நம் உடலைத் துளைத்துப் போகிறது, நமக்குத் தெரிவதில்லை. அதைப் பிடிப்பது கடினம். விண்ணிலிருந்து வரும் மற்ற துகள்கள் குறுக்கிடாமல் இருக்க, எல்லாப் பக்கமும் சுமார் ஒரு கிலோமீட்டர் பாறை மூடிய குகை தேவைப்பட்டது. அதற்குள் 50,000 டன் காந்த இரும்புக் கருவி வைப்பது திட்டம். கோலார் தங்கச் சுரங்கத்தில் 1965-லேயே இயற்கை நியூட்ரினோக்களைப் பதிவுசெய்த நாடு இது என்பதால் விஞ்ஞானிகளுக்கு நம்பிக்கை இருந்தது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய்.

ஊரில் கேள்விகள் எழுந்தன. கதிர்வீச்சு வருமா? வெடி வைத்தால் கிணறு வற்றுமா? அணைகளுக்கு ஆபத்து உண்டா? காடு என்னாகும்? போராட்டங்கள் நடந்தன. வழக்குகள் உயர் நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் வரை போயின. இந்த இடம் புலிகள் நடமாடும் வழித்தடத்தில் வருவதால் அனுமதிக்க முடியாது என்று 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. சுரங்கம் தோண்டப்படவே இல்லை.

யார் சரி என்று பிள்ளைகளிடம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்விகளைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கலாம். நியூட்ரினோ உடம்பைக் கெடுக்குமா என்பது இயற்பியல் பதில் சொல்லக்கூடிய கேள்வி. கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நம்மைத் துளைத்துப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கருவி அதை உண்டாக்குவதில்லை, பதிவு மட்டுமே செய்கிறது. கிணறு வற்றுமா என்பது வேறு வகை. அதற்கு முன்னும் பின்னும் அளந்த கணக்கு வேண்டும். காட்டைவிட ஆய்வகம் முக்கியமா என்பது மூன்றாவது வகை. அதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. மக்கள் கூடிப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால், எந்தப் பக்கத்தின் பேச்சும் அடுத்த பக்கத்தின் காதில் விழாது.

இரண்டாவது வகைக் கேள்விக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளையே உதவ முடியும். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கயிற்றில் கல் கட்டி, வாரம் ஒருமுறை கிணற்று நீர்மட்டத்தை அளந்து நோட்டில் எழுதினால் போதும். இன்று அளந்து வைக்காத கிணறு நாளை வற்றினால், மழை குறைந்ததாலா, போர்வெல் கூடியதாலா, வேறு காரணமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சாலையோ, குவாரியோ, தொழிற்சாலையோ, ஊருக்கு எது வந்தாலும் அந்த நோட்டு ஊரின் சாட்சி.

குகை வராவிட்டாலும், அந்தத் திட்டத்தின் சிறிய மாதிரிக் கருவி மதுரையில் 2018 முதல் இயங்குகிறது. 85 டன் எடையுள்ள அது, வானிலிருந்து வரும் மியூவான் துகள்களைப் பதிவுசெய்கிறது. உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் அதைத் துளைத்துப் போகும்!

பள்ளிக்கு வரும் சோதனைகள்

அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை படிக்கும் மாணவர்களுக்காக 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் 'வானவில் மன்றம்' தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களோடு பள்ளிக்கே வந்து, பிள்ளைகளைத் தங்கள் கையால் செய்து பார்க்க வைக்கிறார்கள். 10 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு 1993 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடும் இருக்கிறது. தன் ஊரில் ஒரு பிரச்னையை எடுத்து, தரவு சேகரித்து, நடுவர்கள் முன் நின்று விளக்க வேண்டும். நான்கு ஊர் மழைக் கணக்கும், கிணற்று நோட்டும் அங்கே கொண்டுபோகத் தகுந்தவைதான்.

போகிறவர்களுக்கு

மதுரையிலிருந்து தேனி சுமார் 75 கிலோமீட்டர். அகலப்பாதை வந்த பிறகு 2023 ஜூன் முதல் போடிநாயக்கனூர்வரை ரயில் போகிறது. தேனியிலிருந்து கம்பம், குமுளிக்கு அடிக்கடி பஸ் உண்டு. மேகமலைக்கு வனத்துறை சோதனைச்சாவடி தாண்டிப் போக வேண்டும் என்பதால் காலையிலேயே ஏறி மாலைக்குள் இறங்கிவிடுவது நல்லது. சுருளி அருவியில் தண்ணீர் வரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். திராட்சைத் தோட்டத்துக்குள் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு நுழைந்தால், கேட்காத கேள்விகளுக்கும் அவரே பதில் சொல்வார்.

நோட்டில் முதல் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் 'என்ன நடக்கும் என்று நினைத்தேன்', மறுபக்கம் 'என்ன நடந்தது' என்று எழுதச் சொல்லுங்கள். ஊர் திரும்பும் பஸ்ஸில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத வரிகளைத் தேடிப் பிடித்துப் பேசினால், தேனி வரும்வரை நேரம் போவதே தெரியாது.