தூண்டில் பிடிக்கப் பழகிய கதை

2017ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மறுநாள் திங்கள், கடன்காரர் வாசலுக்கு வரும் நாள். கிழமைக்கு 1,350 ரூபாய் கட்ட வேண்டும். என்னிடம் இருந்தது 600 ரூபாய். மிச்சத்தைத் தண்ணீர்தான் தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, மாமியையும் சைக்கிளில் ஏற்றி, கட்டைபறிச்சான் பாலத்தடிக்குப் போனேன்.

பொழுது படும் நேரத்தில் தூண்டிலில் ஒரு கனம் விழுந்தது. இழுத்த இழுவையிலேயே கொடுவா என்று தெரிந்துவிட்டது. ஒருதரம் தண்ணீருக்கு மேல் எழும்பித் தலையை உதறியபோது வாயைக் கண்டேன். நாலு கிலோவுக்குக் குறையாது. அப்போது கொடுவா கிலோ 600 ரூபாய்க்கு மேல் போனது. கணக்கை மனதுக்குள் போட்டு முடிக்கவில்லை, கையில் பாரம் இல்லை. வெறும் தங்கூசிதான் வந்தது.

நான் மண்ணில் குந்திவிட்டேன். மாமி ஒன்றும் பேசவில்லை. "நுனியத் தா" என்றார். அவருக்கு அப்போதே இரண்டு கண்ணிலும் புரை படர்ந்து பார்வை மங்கல். தங்கூசி நுனியை விரலால் தடவிப் பார்த்தார்.

"பல்லு வெட்டினா நுனி மட்டமா இருக்கும். கல்லு அறுத்தா சொரசொரப்பா இருக்கும். இது பண்டிவால் போலச் சுருண்டிருக்கு. மீன் அறுத்துக்கொண்டு போகயில்ல மகள். நீ கட்டின முடிச்சு அவிண்டிருக்கு."

கடன் அவசரத்தில் முடிச்சை ஒழுங்காகக் கட்டவில்லை. பிழை என்னுடையதுதான். அடுத்தநாள் அந்தக் கடன்காரப் பொடியன் வாசலில் நின்று பேசிய பேச்சை இங்கே எழுத விருப்பமில்லை. உங்களில் பலருக்கு அந்தப் பேச்சு தெரியும்.

சகோதரிகளே, என்னைப்போல் தூண்டிலை நம்பி இருக்கும் பெண்கள் எங்கள் பக்கம் சிலர் இருக்கிறார்கள். வெளியே சொல்வது குறைவு. அதனால் நான் பழகிய விதத்தைக் கொஞ்சம் எழுதுகிறேன்.

நான் கடற்கரைப் பிள்ளை அல்ல. கலியாணம் முடித்துத்தான் சம்பூருக்கு வந்தேன். 2006 சித்திரையில் ஊரை விட்டு ஓடினோம். ஈச்சிலம்பற்று, வெருகல், பிறகு வாகரை. அந்த மார்கழியில், வாகரையில் இருந்தபோது, பிள்ளைகளுக்கு ஏதும் மீன் பார்த்துக்கொண்டு வாறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. எத்தனையோ இடத்தில் பதிந்தாயிற்று. மட்டக்களப்பு முகாம்களில் கிடந்து, பிறகு கட்டைபறிச்சான் முகாமுக்கு வந்தோம். நாங்கள் ஊருக்குத் திரும்பியது 2016இல்தான்.

முகாமில் நிவாரணம் குறையத் தொடங்கிய 2010இல், மாமி ஒருநாள் யாரிடமோ ஒரு பாகம் தங்கூசியும் இரண்டு முள்ளும் வாங்கிக்கொண்டு பாலத்தடிக்குப் போனார். பெண்பிள்ளை வலையைத் தாண்டினாலே தொழில் படாது என்று சொல்லும் ஊர் எங்களுடையது. தாலி இல்லாமல் தூண்டிலோடு போகும் பெண்ணுக்கு என்ன பேர் கிடைக்கும் என்று நான் பயந்தேன். மாமி சொன்னார்: "பேர் எண்டால் கறிக்கு உதவுமோ?" அவர் கூனித்தீவில் பிறந்தவர். சின்ன வயதில் தகப்பனோடு கற்பாரில் இருந்து தூண்டில் போட்டவர். அன்று ஒரு செப்பலியும் நாலு மணலையும் கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் நானும் பழகினேன். முதல் ஒரு மாதம் எனக்கு மீன் படவே இல்லை. என் இரை மட்டும் காணாமல் போகும். மாமிக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். அதே இறால், அதே முள், அதே தண்ணீர். அவருக்குப் படும், எனக்குப் படாது. அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிழை தெரிந்தது.

முதலாவது, நான் ஈயத்தை அடியிலே போட்டுவிட்டுச் சும்மா பிடித்துக்கொண்டு இருந்தேன். அடியில் கிடந்தால் நண்டும் கெளிறும் இரையைத் தின்றுவிடும். ஈயம் அடியில் முட்டியதும் ஒரு முழம் தூக்க வேண்டும். பிறகு மெல்ல இன்னொரு முழம் தூக்கி, தானாக விழ விட வேண்டும். விழுந்ததும் அசையாமல் பத்து எண்ணும் வரை இருக்க வேண்டும். மீன் அனேகமாகத் தூக்கும்போது எடுக்காது. விழும்போது பின்னால் வந்து, நிற்கும்போதுதான் எடுக்கும். நான் இதை நம்ப இரண்டு மாதம் சென்றது. கை சும்மா இருக்கமாட்டேன் என்று ஆட்டிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, இறாலைக் குத்தும் விதம். நான் நடுவில் குத்துவேன். செத்துப்போகும். கொம்புக்குக் கீழே, தலைக்குள் தெரியும் கறுப்புப் புள்ளியில் படாமல், அதற்கு முன்னால் மேலோட்டமாகக் குத்தினால் இறால் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும். கொடுவா செத்த இரையைப் பெரிதாக மதிக்காது.

மூன்றாவதுதான் பெரிய பாடம். தங்கூசியைச் சுட்டுவிரல் நுனியில் போட்டுக்கொண்டு கேட்க வேண்டும். மாமி 'கேக்குதா' என்றுதான் சொல்வார், 'தெரியுதா' என்று சொல்லமாட்டார். சின்ன மீன் 'டிக் டிக்' என்று கொத்தும். நண்டு பாரமாகத் தொங்கும், உயிர் இல்லாதது போல இருக்கும். கொடுவா ஒருதரம் தட்டும், வாயைத் திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சுவதால் வரும் தட்டு அது. அந்த நேரம் இழுத்தால் வாய்க்குள் இருப்பது வெளியே வந்துவிடும். "அவதிப்படாத, அது போகட்டும்" என்பார். தங்கூசி நகரத் தொடங்கியதும்தான் கையை உயர்த்தி முள்ளைக் கொளுவ வேண்டும். கலவாய்க்கு இது சரிவராது. அது கல்லுக்குள் இருந்து வந்து எடுத்துக்கொண்டு கல்லுக்குள் ஓடும். பட்ட கணமே மூன்று பாகம் மேலே இழுத்துவிட வேண்டும். கல்லுக்குள் புகுந்து செவிளை விரித்துவிட்டால் யாராலும் எடுக்க முடியாது. ஒரு மீனுக்குப் பொறுமை, மற்ற மீனுக்கு அவசரம். எது வந்திருக்கிறது என்று விரல்தான் சொல்ல வேண்டும்.

தங்கூசியைக் கையில் ஒருபோதும் சுற்றாதீர்கள். பெரிய மீன் இழுத்தால் தோலோடு கிழிக்கும். நான் பழைய சைக்கிள் ட்யூப்பில் ஒரு துண்டு வெட்டி விரலில் போட்டுக்கொள்வேன். மிச்சத்தைப் போத்தலில் சுற்றி வைப்பேன். வெயிலில் கிடந்த தங்கூசி உள்ளுக்குள் உக்கிப்போகும், பார்வைக்குத் தெரியாது. ஒவ்வொரு கிழமையும் நுனியில் ஒரு பாகத்தை வெட்டி எறிந்துவிடுவது நட்டமில்லை.

முடிச்சு விஷயம்: முள்ளின் கண்ணுக்குள் இரண்டு தரம் விட்டு, தங்கூசியைச் சுற்றி ஐந்தாறு சுற்று, நுனியை அடி வளையத்துக்குள் கொண்டு வந்து, இறுக்குமுன் வாய்க்குள் வைத்து எச்சில் படுத்தி, மெல்ல இழுக்க வேண்டும். காய்ந்தபடி சடக்கென்று இழுத்தால் உரசும் சூட்டில் தங்கூசி பலம் இழக்கும். சுற்றைக் குறைத்தால் வழுக்கி அவிழும். நான் அன்று மூன்று சுற்றுத்தான் சுற்றியிருந்தேன்.

எங்கள் கடல் வினோதமான கடல். ஒரு பக்கம் மகாவலி கங்கை மூதூரடியில் சேற்றையும் நன்னீரையும் கொண்டுவந்து கொட்டியாரக் குடாவில் விடுகிறது. மறுபக்கம், துறைமுக வாயிலுக்குக் கிட்டவே கடலுக்கு அடியில் பெரிய பள்ளத்தாக்கு தொடங்கி ஆழத்துக்கு இறங்குகிறது. இதனால்தான் கழியில் கொடுவாவும், கற்பாரில் கலவாயும், கொஞ்சம் வெளியே போனால் அறுக்குளாவும் என்று ஒரே ஊரில் எல்லாம் கிடைக்கிறது. இங்கே வற்றும் பெருக்கும் பெரிய அளவில் இல்லை, ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனாலும் அமாவாசை, பறுவத்தை ஒட்டிய நாட்களில் பாலத்தடியில் நீர் நல்ல ஓட்டம் ஓடும். ஓட்டம் மாறும் அந்த அரை மணித்தியாலத்தை நான் தவறவிடமாட்டேன். வாடைக்காலத்தில் வெள்ளம் கலங்கி வந்தால் வீட்டில் இருப்பதே மேல்.

கொடுவாவைப் பற்றி ஒரு புதினமான விஷயம். அது பெரும்பாலும் ஆணாகவே முதலில் வளர்ந்து, சில வருடங்களுக்குப் பிறகு பெண்ணாக மாறுகிறதாம். பெரிய கொடுவா எல்லாம் அனேகமாகப் பெண்தான். மாமியிடம் சொன்னபோது, "அதுதான் இந்த இழுவை இழுக்குது" என்றார்.

பிடித்த மீனை விற்பது தனிக்கலை. முன்பு சாக்கில் போட்டுக் கொண்டுபோவேன். "கண் வெளுத்துப்போச்சு அக்கா" என்று வியாபாரி பாதி விலை சொல்வார். இப்போது பிடித்த உடனே செவிளடியில் வெட்டி இரத்தத்தை வடிய விட்டு, ரெஜிபோம் பெட்டிக்குள் உடைத்த ஐசும் உப்புத் தண்ணீரும் கலந்து அதற்குள் வைக்கிறேன். விலை குறைத்துச் சொன்னால் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம், பழுதாகாது. அந்தத் தைரியத்துக்கே ஐஸ் காசு தகும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. பேத்தை பட்டால் தொடாமல் விடுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. கெளிறோ ஓராவோ முள்ளால் குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் கையை அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருங்கள், வலி இறங்கும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இருட்டில் தனியாகப் போகாதீர்கள். காரணம் நான் சொல்லத் தேவையில்லை.

கடன் கட்டி முடிய ஒன்றரை வருடம் சென்றது. எல்லாம் தூண்டிலால் முடிந்தது என்று சொன்னால் பொய். கோழியும் வளர்த்தேன், கூலிக்கும் போனேன். ஆனால் திரும்பவும் கிழமைக் கடன் எடுக்கவில்லை.

மாமி இப்போதும் வருவார். கண் ஒப்பரேசனுக்கு எத்தனையோ தரம் கூப்பிட்டும் போகமாட்டேன் என்கிறார். முதல் மீனின் நடுத்துண்டைப் பொரித்து ஒரு கோப்பையில் மூடி வைப்பார். யாருக்கு என்று நாங்கள் கேட்பதில்லை. காலையில் பூனைக்குப் போடுவார்.

போன வருடம் தை மாதம் கனடாவில் இருந்து மச்சாள் வீடியோவில் வந்தாள். ஒன்ராறியோவில் நிப்பிசிங் என்ற பெரிய ஏரி. முழுக்க உறைந்து வெள்ளையாகக் கிடக்கிறது. அதன்மேல் ஆட்கள் நடக்கிறார்கள், சின்னக் கொட்டில் போட்டு உள்ளே அடுப்பு வைத்திருக்கிறார்கள். ஐசில் வட்டமாகத் துளை போட்டு, அதற்குள் தூண்டில். ஆள் நடக்க ஐஸ் போதிய தடிப்பாக இருக்க வேண்டுமாம். வோல்ஐ என்ற மீன் பிடிக்க வந்திருக்கிறார்கள். அதற்குக் கண் வெளிச்சம் பட்டால் பளபளக்குமாம், பொழுதுபடும் நேரம்தான் படுமாம். எங்கள் கொடுவாவின் கண்ணும் டோர்ச் அடித்தால் அப்படித்தான் மினுங்கும். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் தூண்டிலை மெல்லத் தூக்கி, விழவிட்டு, அசையாமல் நின்றார். நான் சிரித்துவிட்டேன்.

மச்சாளுக்கு இரண்டு மணித்தியாலமாக ஒன்றும் படவில்லையாம். இரை மட்டும் காணாமல் போகிறதாம். நான் மாமிக்குச் சொன்னேன். மாமி போனைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டார்:

"பிள்ள, கையில என்ன போட்டிருக்கிற?"

"கையுறை அம்மா. இங்க சரியான குளிர்."

"ஒரு விரலையாவது வெளிய எடு. அதப் போட்டுக்கொண்டு என்னெண்டு உனக்குக் கேக்கும்?"