பனிமலைக் கடலில் ஏழு நாட்கள்

உல்லாசக் கப்பல் யாத்திரை என்பது ஓய்வும் பொருளும் படைத்தோரின் புதிய தீர்த்த யாத்திரையாக இந்நாளில் ஆகிவிட்டது. அதில் இன்பம் எவ்வளவு, துன்பம் எவ்வளவு என்று நேயர்கள் வினவக்கூடும். அமெரிக்காவின் ஸியாட்டில் துறைமுகத்தினின்று புறப்பட்டு, அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையைக் கண்டு, ஏழாம் நாள் மீண்டும் ஸியாட்டிலை அடைந்தோமாதலின், எமது அனுபவத்தைக் கொண்டே விடை பகர முயல்வோம்.

முதற் பகலும் இரவும் திறந்த பஸிபிக் சமுத்திரத்தின் ஆட்சியாயிருந்தன. அறுசுவை உண்டி எந்நேரமும் கிடைக்கும் கப்பலில், உண்டி என்ற சொல்லையே கேட்கச் சகியாமல் பிரயாணிகளிற் பலர் படுத்துவிட்டனர். எழுந்து நடமாடியவர்களுக்கு வேறொரு சங்கடம் காத்திருந்தது. கட்டணத்தில் அடங்கியவை சில, அடங்காதவை பல. பானத்துக்கு ஒரு விலை, புகைப்படத்துக்கு ஒரு விலை, கரையிறங்கிச் சுற்றிப் பார்க்க மற்றொரு விலை. சமுத்திர மத்தியில் கடைவீதி ஒன்றில் அடைபட்டுக் கிடப்பது போன்ற உணர்ச்சி எமக்கு உண்டாயிற்று.

எம் மேஜைக்கு உணவு பரிமாறியவர் கோவாவைச் சேர்ந்த இளைஞர். இத்தகைய கப்பல்களில் பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, இந்தியா முதலிய தேசத்தவரே மிகுதியாக ஊழியம் செய்கின்றனர். "ஒன்பது மாத ஒப்பந்தம், ஸார். வாரத்தில் ஏழு நாளும் வேலை" என்றார் அவர். அலாஸ்காவைச் சுற்றிப் பார்த்ததுண்டா என்று வினவினோம். "ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கிறேன், ஸார்" என்று சிரித்துக்கொண்டே அடுத்த மேஜைக்குச் சென்றார். அதன் பின்னர் எமது தட்டிலிருந்த பண்டத்தின் ருசி சற்றுக் குறைந்தது உண்மை.

மூன்றாம் நாள் ஜூனோ நகரை அடைந்தோம். அலாஸ்கா ராஜ்யத்தின் தலைநகரமாயினும், வெளியூர்களுக்குச் செல்லச் சாலையில்லாத பட்டணம் அது. கப்பலேறியோ விமானமேறியோதான் அங்கே செல்லலாம். ஏறக்குறைய 32,000 ஜனங்கள் வசிக்கும் அவ்வூருக்கு 2023-ஆம் ஆண்டில் கப்பல் மார்க்கமாக வந்த பிரயாணிகள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர். நாம் சென்ற தினத்திலும் கப்பல்கள் வரிசையாக நின்றன. வீதியில் நடக்க இடமில்லை. எத்திசை நோக்கினும் எம்மைப் போன்ற யாத்திரிகரே தென்பட்டனர். ஊரைப் பார்க்க வந்த கூட்டம் ஊரையே மறைத்துவிட்டது.

நகரவாசிகள் வாளாவிருக்கவில்லை. நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்களே வரலாம் என்ற வரம்பு 2024-இல் அமலுக்கு வந்தது. 2026 முதல் கப்பல்களின் படுக்கைக் கணக்குப்படி நாளொன்றுக்கு 16,000 பேர், சனிக்கிழமையில் 12,000 பேர் என்று மற்றொரு வரம்பும் ஒப்பந்தமாயிற்று. ஆயினும், சனிக்கிழமைகளில் பெரிய கப்பலே வரலாகாது என்ற யோசனையை 2024-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் அவ்வூர் ஜனங்களே நிராகரித்தனர். கூட்டம் தொல்லைதான்; அதுவே பலருக்கு ஜீவனமாகவும் இருக்கிறதன்றோ?

அடுத்த நாள் கண்ட காட்சி ஜன்மத்தில் மறக்கற்பாலதன்று. கிளேஷியர் பே என்னும் பனியாற்று விரிகுடா தேசியப் பூங்காவாகும். நாளொன்றுக்கு இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு மேல் அங்கே பிரவேசம் கிடையாது. பூங்காவின் காவல் உத்தியோகஸ்தர்கள் படகில் வந்து ஏறி, அவ்விடத்தின் வரலாற்றை எடுத்துரைத்தனர். 1794-இல் வான்கூவர் என்னும் மாலுமியின் கோஷ்டியார் வந்தபோது, அந்த விரிகுடா ஏறக்குறைய முழுவதும் பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது. 1879-இல் ஜான் மியூர் என்ற இயற்கை அன்பர் வந்தபோது பனி முப்பது மைலுக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. இன்று அறுபது மைலுக்கு மேல் உள்ளே சென்றால்தான் மார்ஜரி பனியாற்றின் முகத்தைக் காணலாம். நீர்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 250 அடி உயரமுள்ள அந்த நீலச் சுவரிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. விழுந்ததைக் கண்டோம், சற்றுப் பின்பே இடி முழக்கம் செவியில் எட்டியது. அத்தனை ஜனங்களும் அப்போது வாய் திறவாது நின்றனர்.

இப்பிரதேசம் ஹூனா டிலிங்கிட் என்ற பூர்வகுடிகளின் தாயகம். பதினெட்டாம் நூற்றாண்டில் முன்னேறி வந்த பனியாறு அவர்களை வெளியேற்றியது. அவர்கள் குடியேறிய ஹூனா என்ற ஊரில் ஐந்தாம் நாள் இறங்கினோம். 1912-இல் கட்டப்பட்ட மீன் பதனிடும் ஆலை ஒன்றைச் செப்பனிட்டு, 2004 முதல் அதனைக் கப்பல் துறையாக நடத்தி வருவது அம்மக்களுக்கே சொந்தமான ஸ்தாபனம். வழிகாட்டியாக வந்த மூதாட்டி, தம் முன்னோர் பனிக்கு அஞ்சி ஓடிய கதையை நேற்று நடந்தது போல் கூறினார். 2016-இல் அந்த விரிகுடாவின் கரையிலேயே அவர்களுடைய குலமனை மீண்டும் எழுந்தது என்று சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. அங்கே நாம் வாடிக்கைக்காரராயிராமல் விருந்தினராக இருந்தோம்.

ஏழு நாளையும் நிறுத்துப் பார்க்குமிடத்து ஒன்று விளங்குகிறது. கப்பல் தன் விருப்பப்படி நடத்திய இடங்களில் எமக்கு வாய்த்தது களைப்பு. கரைக்குரியவர்கள் வரம்பு வகுத்து வரவேற்ற இடங்களில் வாய்த்தது ஆனந்தம். ஆதலின் யாத்திரை செல்ல எண்ணும் நேயர்கள் கப்பலில் எத்தனை மாடி என்று கேட்பதோடு நில்லாமல், இறங்கும் துறையில் யாருடைய சொல் செல்லும் என்பதையும் விசாரித்து அறிவார்களாக.