ஃபில்டரை வெட்டிப் பார்க்கிறவர்

ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கும் நண்பருக்கு இரண்டு பிக்கப் வண்டிகள். பழையது பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றிப் போகிறது. புதியது பிஎஸ்-6 வண்டி. கள்ளிமந்தையம், இடையகோட்டைப் பக்கத் தோட்டங்களில் காய் எடுத்து வந்து மார்க்கெட்டில் இறக்குவது அதன் வேலை. பழைய வண்டி மலையாள தேசம் போய் வந்துகொண்டிருக்க, புதிய வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற பாகத்துக்கான எச்சரிக்கை விளக்கு எரிந்து இழுவை நின்றுபோனது. அந்தப் பாகத்தை மாற்ற ஒரு சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகையைக் கேட்டு ஆடிப்போன நண்பர், வண்டியைத் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டார். “அவர் விளக்கைப் பார்க்கவே இல்லை. கடைசியா என்ன ஆயில் ஊத்துனீங்க, அந்த டப்பா இருக்கான்னுதான் கேட்டார். ஒருதடவை வந்து பாருங்க” என்று எனக்குப் போன் செய்தார்.

தகரக் கொட்டகை, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒரு குழி, ஒரு கம்ப்ரஸர். மெக்கானிக்குக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தன் பெயர் அச்சில் வர வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பழைய ஆயிலை இறக்குவது, ட்ரெய்ன் நட்டுக்குப் புது வாஷர் போடுவது, புது ஃபில்டரின் ரப்பரில் ஆயில் தடவிக் கையாலேயே முறுக்குவது எல்லாம் எந்தப் பட்டறையிலும் நடப்பதுதான். மற்ற இடங்களில் குப்பைக்குப் போகும் பழைய ஃபில்டர் இங்கே மேசைக்கு வந்தது.

அதை வெட்ட அவரிடம் ஒரு கட்டர் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் அறுக்கும் கட்டரைப் போன்ற அமைப்பு. ஃபில்டரின் பருமனுக்குத் தக்கபடி திண்டுக்கல்லில் ஒரு லேத் பட்டறையில் சொல்லிச் செய்தது. சிறிய எஃகுச் சக்கரம் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வர, தகரம் பொடி உதிராமல் பிளந்து மூடி கழன்று வருகிறது. “ஹேக்ஸா போட்டா இரும்புத் தூள் பேப்பர்ல விழுந்துருங்க சார். அப்புறம் அது எஞ்சின் தூளா, ஹேக்ஸா தூளான்னு யாரு சொல்றது?” என்றார்.

மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை அறுத்தெடுத்து, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பிடிக்கிறார். பக்கத்தில் ஒரு காந்தம். காந்தத்தில் ஒட்டும் தூள் ரிங், லைனர் தேய்மானம். ஒட்டாமல் வெள்ளையாக மின்னினால் அலுமினியம். பிஸ்டனைச் சந்தேகிக்க வேண்டும். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கோ டர்போவின் புஷ்ஷோ போகிறது. பாலக்காடு வண்டியின் காகிதத்தில் கரி மட்டுமே இருந்தது. “இன்னும் ரெண்டு வருஷம் இவன் தலையைத் தூக்க வேண்டியதில்லை” என்று ஓட்டுநரிடம் சொன்னார். எஞ்சினைத் திறக்காமல், ஒரு காகிதத்தைப் பார்த்து இப்படிச் சொல்லும் துணிவு வேறு எந்தப் பட்டறையிலும் எனக்குக் காணக் கிடைத்ததில்லை.

மெக்கானிக் அம்பிளிக்கைக்காரர். பள்ளியை விட்டதும் திண்டுக்கல் சாலையில் ஒரு லாரிப் பட்டறையில் டீசலில் பாகம் கழுவச் சேர்ந்தவர். மெட்டடோர் வேன்கள் காலத்தில் தொழில் படித்து, 2005இல் டாடா ஏஸ் வந்து ஊரெல்லாம் குட்டியானை ஆனபோது சொந்தக் கொட்டகை போட்டார். அவருடைய மேஸ்திரி ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தே பக்குவம் சொல்வாராம். “அது அந்தக் காலத்து ஆயிலுக்குச் சரி. இப்ப டீசல் வண்டியில ஊத்துன மறுநாளே கருத்துருது. கருப்பாகுதுன்னா கரியைப் பிடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம், கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல.” விரலும் நிறமும் கைவிட்ட பிறகு அவராகத் தேடிக்கொண்ட வழிதான் இந்தக் கட்டர்.

நண்பரின் வண்டி நின்றதற்கு மெக்கானிக் சொன்ன காரணத்தைப் பிறகு நூல்களோடு ஒப்பிட்டும் பார்த்தேன், அப்படியே பொருந்துகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 புகை விதி நடைமுறைக்கு வந்தது. டீசலில் கந்தக அளவு 50 பிபிஎம்மிலிருந்து 10 ஆகக் குறைந்தது. புகையின் கரியைப் பிடிக்க டிபிஎஃப் வந்தது. பிடித்த கரி சுமார் 600 டிகிரிச் சூட்டில் எரிந்துபோகும். ஆனால் ஆயிலில் சேர்க்கும் கால்சியம், மக்னீசியம், துத்தநாகச் சேர்மங்கள் எஞ்சினுக்குள் எரியும்போது வரும் சாம்பல் எந்தச் சூட்டிலும் எரியாது. அது உள்ளேயே தங்கி அடைத்துக்கொள்ளும். சிஐ-4 என்ற பழைய ஆயில் தரத்தில் இந்தச் சாம்பலுக்கு உச்சவரம்பு கிடையாது. 2006இல் வந்த சிஜே-4 தரத்தில்தான் ஒரு சதவீதம் என்று வரம்பு கட்டினார்கள். 2016இல் வந்த சிகே-4 தரத்திலும் அதே வரம்பு. நண்பர் தன் இரண்டு வண்டிக்கும் ஒரே பெரிய பக்கெட்டிலிருந்து சிஐ-4 ஊற்றிக்கொண்டிருந்தார். மார்க்கெட் பக்கத்துக் கடையில் கடனுக்குக் கிடைத்தது அதுதான்.

புதிய வண்டி தோட்டத்துக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவே குறுகிய தூரமே ஓடுவதால் இன்னொரு கேடும் உண்டு. கரியை எரிக்க எஞ்சின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். கரி எரிந்து முடியுமுன் சாவியைத் திருப்பி அடிக்கடி நிறுத்திவிட்டால் அந்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் ஓரமாக இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருக்கிறதா என்று அவர் பார்ப்பது அதனால்தான். மட்டம் குறைந்தால் பதறும் ஓட்டுநர்கள், ஏறினால் மகிழ்ந்துபோகிறார்கள்.

‘ஃபுல் சிந்தெடிக்’ என்ற எழுத்துக்கு அவர் மயங்குவதில்லை. 1999இல் அமெரிக்காவில் மொபிலும் காஸ்ட்ராலும் மோதிக்கொண்ட விளம்பர வழக்காடலுக்குப் பிறகு, கச்சா எண்ணெயிலிருந்தே கடுமையாகச் சுத்திகரித்த மூன்றாம் வகை அடிப்படை எண்ணெயையும் சிந்தெடிக் என்று விற்கும் வழக்கம் பரவிவிட்டது. அது நல்ல எண்ணெய்தான். டர்போவின் சூட்டில் எளிதில் கெட்டியாகிப் பிசுக்காவதில்லை. ஆனால் 15டபிள்யூ மினரல் ஆயிலுக்குப் பதில் 5டபிள்யூ சிந்தெடிக் ஊற்றுவதன் பெரிய பயன் கடுங்குளிரில் வண்டி கிளப்பும்போதுதான் தெரியும். ஒட்டன்சத்திரத்தில் பனி பெய்தாலும் தண்ணீர் உறைவதில்லை. ஆகவே பாலக்காடு வண்டிக்கு 15டபிள்யூ-40 மினரல் ஆயில் போதும், மிஞ்சும் காசை ஃபில்டரில் போடு என்கிறார். பிஎஸ்-6 வண்டிக்கு, டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கும் கையேட்டில் போட்டிருக்கும் குறைந்த சாம்பல் தரமே வேண்டும், விலை கூடினாலும். அந்தக் கையேடு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருந்தது.

ஃபில்டரில் காசைப் போடச் சொல்வதற்குச் சான்றாக இரண்டை வெட்டி அருகருகே வைத்தார். வெளியே ஒரே நிறம், ஒரே எழுத்து. நல்லதில் மடிப்புகள் நெருக்கமாக, காகித இணைப்பு முழுக்கப் பசையோடு இருந்தது. டூப்ளிகேட்டில் மடிப்புகள் எண்ணிவிடலாம் போல விலகிக் கிடந்தன. பைபாஸ் வால்வின் ஸ்பிரிங் விரலால் அழுத்தினாலே படுத்துவிட்டது. அந்த வால்வு காகிதம் அடைத்துக்கொண்டால் மட்டும் திறக்க வேண்டியது. இதுவோ எப்போதும் திறந்தே இருக்கும். ஆயில் வடிகட்டப்படாமலே பேரிங்குக்குப் போகும். ஆயில் திரும்பி இறங்காமல் தடுக்கும் ரப்பர் காய்ந்து விறைத்திருந்தது. காலையில் கிளப்பியதும் சில நொடி கடகடவென்று கேட்கும் சத்தம் அதன் கைங்கரியம். ஏர் ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதிக் காகிதத்தைக் கிழிப்பவர்கள் மீதும் அவருக்குக் கோபம் உண்டு. தோட்டத்து மண்தடத்தில் ஓடும் வண்டிக்கு அந்தக் கிழிசல் வழியே நுழையும் புழுதிதான் முதல் எமன்.

இவ்வளவு தெரிந்தவருக்குக் கூலி என்ன? ஒரு லிட்டர் நல்ல ஆயிலின் விலைகூட இல்லை. வெட்டிப் பார்த்துச் சொல்வதற்கு ஒரு பைசா கிடையாது. அதே வேளையில், குறிப்பிட்ட ஆயிலை ஊற்றினால் மூடிக்குள் கூப்பன், இத்தனை பக்கெட் தள்ளினால் பரிசு என்று ஆசை காட்ட ஆள் வருகிறது. எந்த வண்டிக்கு எது பொருந்தும் என்பதைப் பற்றி அந்தக் கூப்பனுக்கு அக்கறை இல்லை. டூப்ளிகேட் ஃபில்டரில் கடைக்காரருக்கு லாபம் அதிகம், கடன் கொடுத்து ஓட்டுநரைக் கட்டிப்போட்டவருக்கு அதை அவர் தலையில் கட்டுவது எளிது. காலி டப்பா வாங்க வருபவர், லேபிள் கிழியாத டப்பாவுக்குப் பழைய பிளாஸ்டிக்கைவிடக் கூடுதல் விலை தருகிறார். எதற்கென்று கேட்க வேண்டுமா? எஞ்சின் பிடித்துக்கொண்டால் கூப்பன் கொடுத்தவரோ டப்பா வாங்கியவரோ வந்து நிற்பதில்லை. ஓட்டுநர் பிழைப்பை இழக்கிறார், மெக்கானிக் பெயரை இழக்கிறார். அறிவுக்குக் கூலி கொடுக்காமல் பொருளுக்கு மட்டும் கமிஷன் கொடுக்கும் வியாபாரம் நேர்மையான கைகளைத் தேடிப்பிடித்துத் தண்டிக்கிறது. இது என்னைக் கொதிக்க வைக்கிறது.

இந்த மெக்கானிக் ஒவ்வொரு காலி டப்பாவையும் திருப்புளியால் குத்தித்தான் வெளியே போடுகிறார். கழிவு ஆயில், சட்டப்படி அபாயகரக் கழிவு. உரிமம் பெற்றவர்களிடமே போக வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் அதை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை ஆயில் உற்பத்தியாளர்கள் மீதும் சுமத்தியிருக்கிறார்கள். கொட்டகைக்கு வந்து ரொக்கம் கொடுத்து அள்ளிப்போகும் ஆளிடம் உரிமம் ஏதும் இல்லை. இவர் பீப்பாயை மூடி வைத்துக் காத்திருக்கிறார். பழைய ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் உண்டு என்று சொன்னேன். “கையுறை போட்டா நட்டு தெரியமாட்டேங்குதே சார்” என்றவர், உதவிக்கு இருக்கும் தன் மச்சானுக்கு மட்டும் ஒரு பெட்டி கையுறை வாங்கி வைத்திருக்கிறார்.

நண்பரின் டிபிஎஃப்பைக் கழற்றிச் சாம்பலைச் சுத்தம் செய்ய அனுப்பினார்கள். புதிது வாங்க நேரவில்லை. இப்போது அந்த வண்டியில் ஒரு நோட்டு இருக்கிறது: தேதி, கிலோமீட்டர், ஆயில் தரம், எந்த ஃபில்டர், காகிதத்தில் என்ன தெரிந்தது. அந்தக் கடைசிக் குறிப்புக்கு இருநூறு ரூபாய் தனிக் கூலி என்று நண்பரே நிர்ணயித்துவிட்டார். வாங்க மறுத்த மெக்கானிக்கிடம், “மண்டியில நான் எடை போட்டதுக்கே கமிஷன் வாங்குறேன், நீங்க எஞ்சினையே எடை போடுறீங்கண்ணே” என்று சொல்லிப் பையில் திணித்தாராம். மார்க்கெட்டில் காய் ஏற்றும் வேறு சில பிக்கப்காரர்களும் நோட்டு போட ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தக் கட்டரைப் போல இன்னொன்று செய்யச் சொல்லி மெக்கானிக் தன் மச்சானைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பியிருக்கிறார்.