ஊட்டியை ஒரு கண்ணாடித் தொட்டிக்குள்...

மைன்கிராஃப்ட் விளையாட்டில் 2021-ல் ஆக்சலாட்டல் வந்தாலும் வந்தது, ஊர் உலகத்தில் அதற்கு ஒரு ரசிகர் பட்டாளமே கிளம்பிவிட்டது. சிரித்த வாய், தலைக்கு இரண்டு பக்கமும் இறகு மாதிரி விரிந்த செவுள்கள், ரோஸ் நிறத்தில் உடம்பு... படத்தைப் பார்த்ததும் "ஒண்ணு வாங்கி வளர்க்கலாமே" என்று தோன்றுவது இயற்கைதான். ஆனால் அந்த ஆசைக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில் ஒரு பிரச்சினை நிற்கிறது. அதன் பெயர் ஏப்ரல் மாதம்.

முதலில், இது மீன் இல்லை. சாலமண்டர் வகை. தவளைக்குத் தலைப்பிரட்டை இருப்பது போல சாலமண்டருக்கும் தண்ணீரில் ஓர் இளம்பருவம் உண்டு. மற்ற பல சாலமண்டர்கள் வளர்ந்ததும் செவுளை விட்டுவிட்டுக் கரையேறும். ஆக்சலாட்டல் மட்டும் முட்டையிடும் வயது வந்த பிறகும் அதே செவுளோடு தண்ணீரிலேயே இருந்துவிடும். கால் போனால் புதுக்கால் முளைக்கும். இந்த விசித்திரங்களுக்காகவே 1864-ல் 34 ஆக்சலாட்டல்கள் பாரிசுக்குப் போயின. விஞ்ஞானிகள் அன்றைக்குப் பிடித்தவர்கள், இன்னும் விடவில்லை.

சொந்த ஊர், மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ கால்வாய்கள். மெக்சிகோ என்றதும் கள்ளிச்செடியும் கொளுத்தும் வெயிலும்தானே ஞாபகம் வரும்? "அப்போ நம்மூர் வெயில் அதுக்கு ஜுஜுபி" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியின் உயரமும் ஏறக்குறைய அதேதான்! கோவை வெறும் 410 மீட்டர். அதாவது இது ஊட்டிக்காரப் பிராணி. அதை மேட்டுப்பாளையம் வழியாகக் கீழே இறக்கி காந்திபுரத்தில் குடிவைக்கும் வேலைதான் இது.

அதற்குப் பிடித்த தண்ணீர் 16 முதல் 18 டிகிரி. இருபதைத் தாண்டினால் சிரமம். 24-க்கு மேல் நாள் கணக்கில் இருந்தால் உயிருக்கே ஆபத்து. ஏன்? குளிர் ரத்தப் பிராணி என்பதால் தண்ணீர் சூடானால் அதன் உடம்பும் சூடாகி, அதிக ஆக்சிஜன் கேட்கும். ஆனால் சூடான தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ குறைவு. 18 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9.5 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் 7.5 தான். தேவை ஏறும்போது சப்ளை இறங்குகிறது. இது போதாதென்று கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் விஷமும் சூட்டில் கூடும். பிராணி சாப்பாட்டை ஒதுக்கும், செவுள் நுனி முன்பக்கம் சுருளும், உடம்பில் பஞ்சு மாதிரி பூஞ்சை பிடிக்கும்.

சரி, குளிர வைக்க என்னதான் வழி?

வழி 1: ஃபேன். தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று அடித்தால் தண்ணீர் ஆவியாகும், ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும் அதே ரகசியம். செலவு குறைவு, இரண்டு முதல் நான்கு டிகிரி வரை குறையும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. வெளியே 36 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், எத்தனை ஃபேன் போட்டாலும் தண்ணீர் 22, 23-க்குக் கீழே இறங்காது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜிலுஜிலுவென்று காற்று வருமே, அப்போது? வெயில் குறைவுதான், ஆனால் அந்தக் காற்றில் ஈரம் அதிகம். ஆவியாவது குறையும், ஃபேனும் கைவிட்டுவிடும்.

வழி 2: ஐஸ் பாட்டில். தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வைத்த பாட்டிலைத் தொட்டியில் மிதக்க விடுவது. கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு லிட்டர் ஐஸ் முழுசாக உருகினால் 100 லிட்டர் தொட்டியில் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். 30-லிருந்து 18-க்குக் கொண்டுவர 12 பாட்டில்! அதற்குள் அறையின் சூடு மறுபடி உள்ளே வந்துகொண்டே இருக்கும். காலேஜுக்குப் போனால் பாட்டிலை மாற்றுவது யார்? தவிர, சரசரவென்று குளிர்ந்து மறுபடி சூடாவதும் அந்தப் பிராணிக்கு ஒரு தண்டனைதான். கரண்ட் போன நேரத்துக்கு மட்டும் சரிவரும்.

வழி 3: சில்லர். தொட்டித் தண்ணீரை உள்ளே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி அனுப்பும் குட்டி ஃப்ரிட்ஜ். உருப்படியான வழி இதுதான், அல்லது நாள் முழுக்க ஏசி ஓடும் அறை. 200 வாட் சில்லர் தினமும் 12 மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா? அந்த நூறையும் ஆக்சலாட்டலே சாப்பிட்டுவிட்டு மேற்கொண்டு 44 கேட்கும். தொட்டியிலிருந்து எடுத்த சூட்டைச் சில்லர் அறைக்குள்தான் கக்கும் என்பதால் வீட்டுக்காரர்களுக்குப் புழுக்கம் இலவச இணைப்பு.

எந்த வழியானாலும் சில சின்ன விஷயங்கள் உதவும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம், தரைத்தள அறை நல்லது. தொட்டிக்கு விளக்கு வேண்டாம், அதற்கு வெளிச்சமும் பிடிக்காது. மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் வெந்நீராக இருக்கும், ஆகவே விடியற்காலையில் பிடித்து, குளோரின் நீக்கி, ஆறவைத்து ஊற்ற வேண்டும்.

காமர்ஸ் வகுப்பில் முதலில் சொல்லித்தருவது என்ன? வாங்கும் செலவு வேறு, வைத்து நடத்தும் செலவு வேறு. ஆக்சலாட்டல் 10, 15 வருஷம் வாழக்கூடியது. இரண்டாம் ஆண்டு மாணவர் இன்று வாங்கினால், டிகிரி முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி, குழந்தை எல்கேஜி போகும் வரை சில்லர் ஓட வேண்டும். 2012-ல் மணிக்கணக்கில் கரண்ட் போன கோவையை நினைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கின் ரிஸ்க் புரியும்.

இதே சிக்கலை ஒருமுறை வெள்ளைக்காரர்களும் பட்டிருக்கிறார்கள். குளிர்நீர் மீனான ட்ரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர 1860-களில் டாக்டர் பிரான்சிஸ் டே முயன்றார், கைகூடவில்லை. பிறகு எச்.சி. வில்சன் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். மலை ஓடைகளில் ட்ரவுட் நிலைத்தது அதன் பிறகுதான். கோடை வெயிலைத் தாங்காத மீனை மேட்டுப்பாளையத்தில் வைத்து வளர்க்கலாமென்று அவர் மெனக்கெடவில்லை. குளிர் எங்கே சும்மா கிடைக்கிறதோ, அங்கே கொண்டுபோனார். ஆக்சலாட்டலுக்காகச் சில்லர் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது அந்த மலையைத்தான், மாதத் தவணையில்.

சட்டமும் இருக்கிறது. ஆக்சலாட்டல், சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிர். 2022-ல் திருத்தப்பட்ட வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 2024 விதிகளும், இப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. தாள் இல்லாமல் விற்கும் கடையில் வாங்குவது வம்பு.

வளர்க்க முடியவில்லை என்று குளத்தில் விடுவதும் கூடாது. வெயிலில் அது செத்துப்போகும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சோச்சிமில்கோவில் நடந்தது. வளர்ப்புக்காக அங்கே விடப்பட்ட கெண்டையும் திலேப்பியாவும் ஆக்சலாட்டலின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன, தண்ணீரும் கெட்டது. 1998-ல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தவை, 2014-ல் 36 ஆகிவிட்டன. ஆய்வகங்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் ஏராளம், சொந்த ஊரில் விரல்விட்டு எண்ணும் நிலைமை.

ஆக, கடைக்குப் போகும் முன் ஒரே ஒரு சோதனை. தொட்டியை வாங்கித் தண்ணீர் மட்டும் நிரப்பி, தெர்மாமீட்டரைப் போட்டு, பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் தினமும் மத்தியானம் மூன்று மணிக்குக் குறித்து வையுங்கள். ஒரு நாள்கூட இருபதைத் தாண்டாமல் வைத்திருக்க முடிந்ததா? அப்புறம் ஆக்சலாட்டலைப் பற்றிப் பேசலாம். முடியவில்லையா? தொட்டி வீணாகாது. நம்மூர்ச் சூட்டுக்குப் பழகிய மீன்கள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றில் நான்கை விட்டால் சந்தோஷமாக நீந்தும்.