நான்காவது கை

நம் இல்லத்து நிலைப்படியைச் சீட்டுக்கட்டு தாண்டலாகாது என்பது நம் அன்னையார் வகுத்த சட்டம். அது வகுக்கப்பட்ட ஆண்டு 1981. நமக்கு அப்பொழுது பத்து வயது. அன்னையாரின் உடன்பிறந்தவரான நம் மாமு, ஆரணியில் பெயர் சொல்லும்படியான பட்டு நெசவாளி. அவர் போடும் கோர்வையில் கரையும் உடலும் சேருமிடம் எதுவென்று கண்ணுக்குப் புலப்படாது. அத்தகைய கைகள் அந்தி சாய்ந்ததும் கமண்டல நாகநதிக் கரையில் மூன்று சீட்டைப் பிடித்துக்கொண்டு நடுங்கின. முதலில் கூலி போயிற்று. பிறகு முதலாளி நம்பி ஒப்படைத்த ஜரிகை அடகுக்குப் போயிற்று. இறுதியில் முன்பணத்துக்கு ஈடாகத் தறியையே கழற்றி வண்டியில் ஏற்றிச் சென்றனர். தறிக்குழி மட்டும் வாய் பிளந்து கிடந்தது. பிள்ளைகள் விழுந்துவிடுவார்களென்று அதன்மேல் கடப்பைக் கல்லைப் போட்டு மூடினார்கள். மாமு பெங்களூருக்குக் கூலித் தறிக்குப் போனார், ஜனாஸாவாகத்தான் திரும்பினார்.

ஆகவே, மத்ரஸாவில் ஓதி முடித்து அரபியும் தமிழும் கற்பிக்கும் ஆசிரியராக நாம் அமர்ந்த பின்னர், மாணவன் ஒருவனுடைய பையிலிருந்து விழுந்த சீட்டுக்கட்டை வகுப்பு நடுவே கிழித்தெறிந்தது குறித்து நமக்கு எவ்வித வருத்தமும் இருந்ததில்லை. அடுத்த வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் காசு வைக்காமல் முன்னூற்று நாலு ஆடியபோதும் நாம் தலை குனிந்தே கடந்து சென்றோம்.

இந்நிலையில், ஆறாண்டுகள் ரியாத் நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டு 2023இல் ஊர் திரும்பினான் நம் மகன். போகும்போது வாய் ஓயாமல் பேசியவன் வரும்போது கேட்டதற்கு மட்டுமே விடை சொல்பவனாக வந்திருந்தான். "சாப்பிட்டாயா?" "சாப்பிட்டேன் அத்தா." "தூங்கினாயா?" "தூங்கினேன் அத்தா." அதற்குமேல் தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே பாவு ஓடவில்லை. ஆனால் இரவில் மொட்டை மாடியில் அவனுடைய நண்பர்கள் மூவர் கூடினால் மட்டும் சிரிப்பொலி கேட்கும். ஒருநாள் இஷாவுக்கு முன் மாடியேறிச் சென்றோம். பாயின்மேல் சீட்டுகள் விரிந்து கிடந்தன.

நம் கை உயர்ந்தது உண்மை. கட்டை அள்ளிக் கிழிக்கவே குனிந்தோம். மகன் எழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "காசு இல்லை அத்தா. ஒரே ஒரு ஆட்டம் உட்கார்ந்து பாருங்க. அப்புறம் கிழிச்சிடுங்க" என்றான். ஆறாண்டுகளில் அவன் நம்மிடம் தானாகக் கேட்ட முதல் காரியம் அது. அமர்ந்தோம்.

அமர்ந்ததும் நம் செவியில் விழுந்த முதற்சொல் 'ஹுக்ம்'. இரண்டாவது 'கம்ஸீன்'. இதென்ன, சீட்டாட்டத்தில் அரபியா என்று திகைத்தோம். அவர்கள் ஆடியது 'பலூத்'. சவூதி நாட்டில் இல்லந்தோறும் ஆடப்படுவது. 2018இல் ரியாதிலேயே மொத்தம் பத்து இலட்சம் ரியால் பரிசுடன் இதற்கொரு போட்டி நடத்தினார்கள். எனினும் இதன் பிறப்பிடம் அரபு நாடன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் வேரூன்றி, தேநீர்க்கடை முதல் போர்வீரர் பாசறை வரை பரவிய 'பெலோத்' என்னும் ஆட்டமே அரபுடை அணிந்து பலூத் ஆயிற்று. துருப்பில்லாத ஆட்டத்துக்கு அரபியர் 'ஸன்' என்கிறார்கள். 'இல்லாமல்' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்தான் அது.

ஆட்ட முறையை நம் மகன் விளக்கியவாறே இங்கு எழுதுகிறோம். ஆடுவோர் நால்வர். எதிரெதிரே அமர்பவர்கள் கூட்டாளிகள். ஐம்பத்திரண்டு சீட்டில் இரண்டு முதல் ஆறு வரையிலானவற்றை நீக்கிவிட்டால் இனத்துக்கு எட்டாக முப்பத்திரண்டு எஞ்சும். ஆளுக்கு முதலில் மூன்று, பிறகு இரண்டு என ஐந்து சீட்டுகளைக் கொடுத்து, இருபத்தோராவது சீட்டை நடுவே மலர்த்தி வைக்கவேண்டும். அந்தச் சீட்டின் இனத்தைத் துருப்பாக ஏற்பவர் 'ஹுக்ம்' என்பார், ஏற்காதவர் விட்டுவிடுவார். நால்வரும் விட்டுவிட்டால் இரண்டாம் சுற்றில் வேறோர் இனத்தைத் துருப்பாகச் சொல்லலாம். அப்பொழுதும் எவரும் வாய் திறக்கவில்லையெனில் மீண்டும் கலைக்கவேண்டியதுதான். ஏற்றவர் மலர்ந்த சீட்டையும் மேற்கொண்டு இரண்டையும் பெறுவார். மற்றவர்கள் மும்மூன்று பெறுவார்கள். இப்பொழுது ஆளுக்கு எட்டு.

இனி நுட்பமான இடம். துருப்பல்லாத இனங்களில் வரிசை ஆசு, பத்து, ராஜா, ராணி, ஜாக்கி, ஒன்பது, எட்டு, ஏழு என இறங்கும். ராஜாவைவிடப் பத்து பெரியதா என்று நாம் புருவம் உயர்த்தினோம், ஆமாம் என்றான். துருப்பான இனத்திலோ உலகமே தலைகீழாகிவிடுகிறது. ஜாக்கிதான் முதல்வன், அவனுக்கு இருபது புள்ளி. அடுத்து ஒன்பது, அதற்குப் பதினான்கு. அதன் பின்னரே ஆசு 11, பத்து 10, ராஜா 4, ராணி 3. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. மற்ற இனங்களில் ஆசு, பத்து, ராஜா, ராணி ஆகியோரின் மதிப்பு மாறாது; ஆனால் ஜாக்கி இரண்டே புள்ளியுடன் ஐந்தாம் இடத்தில் கிடப்பான்; ஒன்பதோ வெறும் தாள்.

ஒரே சீட்டு எப்படி இருபதாகவும் இரண்டாகவும் இருக்கும் என்று நண்பர்களுள் இளையவன் பலமுறை இடறினானாம். நமக்கு அது உடனே விளங்கிவிட்டது. முப்பதாண்டுகளாக நாம் கற்பிக்கும் நஹ்வு இலக்கணம் இதுவேயன்றோ! 'ஸைத்' என்னும் பெயர் ஓரிடத்தில் ஸைதுன், வேறோரிடத்தில் ஸைதன், மற்றோரிடத்தில் ஸைதின். பெயர் மாறவில்லை; அதன்மீது செயல்படும் 'ஆமில்' மாறுகிறது; ஈறு மாறுகிறது. இங்கே ஆமிலின் வேலையை ஹுக்ம் செய்கிறது. இதைச் சொன்னதும் மகன் வாய்விட்டுச் சிரித்தான். "ஹஜ்ரத் சீட்டுக்கும் இஃராப் பார்க்கிறார்" என்றான் ஒருவன்.

ஆடும் ஒழுங்கு கண்டிப்பானது. இறக்கிய இனம் கையிலிருந்தால் அதையே போடவேண்டும். இல்லையேல் துருப்பால் வெட்டியே ஆகவேண்டும். கூட்டாளியின் சீட்டு முன்னிலையில் இருந்தால் மட்டும் அக்கட்டாயம் தளர்கிறது. துருப்பே இறக்கப்பட்டால், கையிலிருக்கும்வரை முன்னதைவிட உயர்ந்ததைப் போடவேண்டும். மனத்துக்குப் பிடித்ததைப் போடும் உரிமை அருகிப்போவதால், பிறர் போடும் சீட்டைக்கொண்டே அவர் கையை ஊகிக்க முடிகிறது. நாம் கண்டவரையில் இந்த ஆட்டத்தின் அறிவு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. துருப்பில் 62, மற்ற மூன்று இனங்களில் முப்பது முப்பதாகத் தொண்ணூறு, கடைசிப் பிடிக்குப் பத்து, ஆக 162. துருப்பை ஏற்ற அணி 82ஐயாவது எட்டவேண்டும். எட்டாவிடில் 162ம் எதிரணிக்கே. ஏற்பது எளிது, நிறைவேற்றுவது வேறு.

சேர்க்கைகளுக்குத் தனிப்புள்ளி உண்டு. ஓரினத்தில் தொடர்ச்சியாக மூன்று இருந்தால் இருபது, நான்குக்கு ஐம்பது, ஐந்துக்கு நூறு. நாம் முதலில் கேட்ட கம்ஸீன் அந்த ஐம்பதுதான். துருப்பின் ராஜாவும் ராணியும் ஒரே கையில் அமைந்தால் அதற்கே பலூத் என்று பெயர், இருபது புள்ளி. ஆனால் ஆடும்போது வாய்விட்டுச் சொல்லவேண்டும். மௌனமாயிருந்தவனுக்கு ஒன்றுமில்லை.

ஆரணிக்குப் பிரெஞ்சுக்காரர் புதியவர் அல்லர். 1751 டிசம்பரில் சந்தா சாகிபின் மகன் ரஸா சாகிப், பிரெஞ்சு வீரர்களின் துணையோடு கிளைவின் படையை எதிர்த்துத் தோற்றது இவ்வூரருகேதான். நம் தறிகளின்மேல் ஏறி அமர்ந்து பூவும் கொடியும் போடும் ஜக்கார்டின் துளை அட்டையும், 1804இல் பிரான்சின் லியோன் நகரத்தவர் ஒருவர் அமைத்த பொறியின் வாரிசே. அதுவும் அட்டைக்கட்டுதான், அதனால் எவர் தறியும் போனதில்லை என்று எழுத எண்ணினோம், விசைத்தறி வந்த கதையை நினைத்து நிறுத்திக்கொண்டோம்.

நாம் முகம் திருப்பிச் சென்ற திண்ணை முன்னூற்று நாலும் பெலோத்தின் உறவினரே. அங்கும் ஜாக்கி முதல், ஒன்பது அடுத்தது. ஜாக்கி 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கு 304. ஜாக்கியை உயர்த்தும் இக்குடும்பத்தின் மூலம் டச்சு நாடாயிருக்கலாம் என்பது ஆராய்ந்தோர் கருத்து. நாம் சொல்லும் 'கிளாவர்' டச்சுச் சொல்லே. இன்னும் பின்னே போனால், ஐரோப்பாவுக்குச் சீட்டு சென்றதே மிஸ்ரின் மம்லூக்குகள் வழியாகத்தான் என்கிறார்கள். இஸ்தான்பூலின் தோப்காப்பி அரண்மனையில் இருக்கும் மம்லூக் சீட்டுகளில் உருவப்படம் கிடையாது. மலிக், நாயிப், இரண்டாம் நாயிப் என எழுத்தாலேயே பதவி குறிக்கப்பட்டிருக்கிறது. நாயிப் என்றால் பதிலாள். ஸ்பானியர் சீட்டை இன்றும் 'நைப்பே' என்றழைப்பது அச்சொல்லிலிருந்து வந்ததென்பர்.

ரியாதில் வேறு பெயர்கள். ராஜாவுக்கு ஷாயிப், அதாவது நரைத்தவர். ராணிக்குப் பின்த், பெண். ஜாக்கிக்கு வலத், பையன். இதைச் சொல்லும்போதுதான் நம் மகன் கடைக்காரரைப் பற்றிப் பேசத் தொடங்கினான். பகலெல்லாம் அவர் வாயில் அவனுக்குப் பெயரில்லை. 'யா வலத்' என்ற அழைப்பே. வெள்ளிக்கிழமை இரவு அவருடைய தோழர்கள் ஆடக் கூடுவார்கள். இவன் கஹ்வா ஊற்றி நிற்பான். ஒருநாள் நான்காமவர் வரவில்லை. கடைக்காரர் இவனைப் பார்த்து, "உட்கார்" என்றாராம். நின்று நின்றே ஆட்டத்தைக் கற்றிருந்தான். அன்றிரவு அவருக்கு எதிரே கூட்டாளியாக அமர்ந்தான். "மறுநாள் மறுபடி வலத்தான் அத்தா. ஆனா அந்தப் பாயில உட்கார்ந்தா மட்டும் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்" என்றான். மூன்றாண்டுகளாகத் தொலைபேசியில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "சீட்டுன்னு சொன்னா நீங்க பேசமாட்டீங்களே" என்றான்.

அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

நாம் ஃபத்வா எழுத அமரவில்லை, அதற்குரியவர்கள் இருக்கிறார்கள். பணயம் வைத்த ஆட்டம் விலக்கப்பட்டது என்பதில் கருத்து வேற்றுமையே கிடையாது. சதுரங்கத்தில் இமாம் ஷாஃபி அவர்களிடம் காணும் தளர்வு நம் ஹனஃபிப் பெரியார்களிடம் இல்லை. பணயமற்ற சீட்டாட்டத்தையும் பலர் வெறுத்திருக்கிறார்கள். இவையனைத்தும் அறிந்தே மகனுக்குச் சில நிபந்தனைகள் விதித்தோம்: காசு மட்டுமல்ல, தேநீர்கூடப் பணயமாகக் கூடாது, பாங்கு கேட்டால் கையிலிருப்பது நான்கு ஜாக்கியானாலும் கவிழ்த்துவிட்டு எழவேண்டும், வாரத்தில் ஓரிரவுக்கு மேல் கூடாது. நாம் ஓதிய இடத்தில் இவை போதுமானவையாகக் கொள்ளப்படமாட்டா என்பதையும் அறிவோம்.

எஞ்சியிருந்தது அன்னையாரின் சட்டம். எண்பத்து மூன்று வயது, படியேற முடியாது, செவி மட்டும் கூர்மை. மறைப்பது நமக்கு அழகன்று என்று அடுத்த வாரமே அருகில் அமர்ந்து சொன்னோம். "காசு வச்சா?" என்றார். "இல்லை அம்மா." தஸ்பீஹ் மணிகளை உருட்டியவாறு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "முன்னூத்தி நாலா?" என்றார். திடுக்கிட்டோம். சிறு வயதில் மாமுதான் தமக்கு அதைக் கற்றுத்தந்தார் என்றும், மழைக்காலத்தில் பாவு காயாமல் தறி நிற்கும் நாள்களில் உடன்பிறந்தவர்கள் நால்வரும் தறிக்குழி ஓரத்தில் அமர்ந்து ஆடுவதுண்டு என்றும், இத்தனை ஆண்டு திறவாத வாயால் சொன்னார். அப்பொழுது காசில்லை, ஆற்றங்கரைக்குப் போனபின்தான் எல்லாம்.

அந்த வெள்ளிக்கிழமை நண்பர்களுள் ஒருவன் வரவில்லை. மாடியில் மூவரே. மகன் கீழே இறங்கிவந்து நம் முன் நின்றான், எதுவும் கேட்கவில்லை. நாம் மேலே சென்று அவனுக்கு எதிரே அமர்ந்தோம். கிளாவர் துருப்பு, ராஜாவும் ராணியும் நம் கையில். இரண்டையும் இறக்கியபோது வாய்விட்டுச் சொல்ல மறந்தோம். இருபது புள்ளி போயிற்று. மகன் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். கீழே இறங்கியதும், இருட்டில் படுத்திருந்த அன்னையார் கேட்டார்: "யார் ஜெயிச்சது?"

தோற்றுவிட்டோம் என்றோம்.